மேலிருந்து பார்த்தால் எது தரிசு?

இந்திய நிலப்பரப்பில் 29.77 விழுக்காடு சீரழிந்து கிடக்கிறதாம். 2018-19ஆம் ஆண்டுக் கணக்கு இது. 9 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் ஹெக்டேர். கணக்கெடுத்தது இஸ்ரோவின் அகமதாபாத் மையம். 2003-05ல் 28.76 விழுக்காடாக இருந்தது, 2011-13ல் 29.32 ஆனது, பிறகு இந்த அளவுக்கு வந்து நிற்கிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பாலைவனமாதலையும் நிலச் சீரழிவையும் காட்டுகிற வரைபடத் தொகுதியாக இதை 2016லும் 2021லும் வெளியிட்டார்கள்.

இஸ்ரோவுக்கு ஐதராபாத்தில் இன்னொரு மையம் இருக்கிறது, தேசியத் தொலையுணர்வு மையம். அதுவும் மத்திய நிலவளத் துறையும் சேர்ந்து 2019ல் தரிசுநில வரைபடத் தொகுதி ஒன்றைப் போட்டார்கள். 2015-16ல் இந்தியாவில் தரிசு 16.96 விழுக்காடு, அதாவது 5 கோடியே 57 லட்சத்து 60 ஆயிரம் ஹெக்டேர் என்கிறது அது.

நாடு ஒன்றுதான், வானம் ஒன்றுதான், பறக்கிற கோளும் ஒரே வீட்டுக் கோள்தான். ஆனால் ஒரு புத்தகத்துக்கும் இன்னொரு புத்தகத்துக்கும் நடுவில் நாலு கோடி ஹெக்டேர் இடைவெளி. இதென்னய்யா கூத்து என்று கேட்டால் விஞ்ஞானிகளிடம் நியாயமான பதில் இருக்கிறது. இரண்டுக்கும் இலக்கணம் வேறு. மேல்மண் அரித்துக்கொண்டு போகிற நிலத்தில் வெள்ளாமை நடந்தாலும் அது சீரழிவுக் கணக்கில் வரும், தரிசுக் கணக்கில் வராது. நான் அந்தப் பதிலை மறுக்கவில்லை. அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். எந்தக் கோளும் 'இது தரிசு' என்று சொல்வதில்லை. அது அனுப்புவது வெளிச்சத்தின் அளவை. பேர் வைக்கிறவன் தரையில் இருக்கிறான்.

பேர் வைக்கப்பட்டே சீரழிந்த சனம் நாம். ஆகவே இந்த விவகாரத்தில் நமக்குச் சொல்ல இருக்கிறது.

*

படம் எப்படிப் படிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஏசுவது நமக்கு அழகில்லை. முதலில் ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படங்கள்தான் இருந்தன. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்து, இரண்டு கண்ணாலும் ஒரு கண்ணாடிக் கருவி வழியே பார்த்தால் மேடு பள்ளம் எழுந்து நிற்கும். அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க 1966ல் டேராடூனில் டச்சுக்காரர் ஒத்துழைப்போடு ஒரு நிறுவனமே தொடங்கினார்கள். 1972ல் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் கோள் மேலே போனது. 1988 மார்ச்சில் நம்முடைய ஐ.ஆர்.எஸ். 1ஏ, சோவியத் ராக்கெட்டில் ஏறிப்போனது.

இலை பச்சை என்பது நம் கண்ணுக்கு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தைத்தான் செழிப்பான இலை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. கோள் அதைப் பிடித்துக்கொள்ளும். படம் போடும்போது அதற்குச் சிவப்பைப் பூசுவார்கள். பொய்வண்ணப் படம் என்று அவர்களே பேர் வைத்திருக்கிறார்கள். அதில் பயிரும் காடும் சிவப்பு. கரிசல் வெளிச்சத்தை விழுங்கி இருட்டாகத் தெரியும். உவர் பூத்த மண் வெள்ளை வெளேரென்று அடிக்கும்.

எங்கள் பக்கத்தை இப்படிப் பார்க்கலாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலைக்காடு, அடர்சிவப்பு. அடிவாரத்துத் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் சிவப்பு. கிழக்கே வெம்பக்கோட்டை, சாத்தூர் என்று போகப்போகச் செவல் குறைந்து கரிசல் இருட்டும். நடுவில் கண்மாய்கள். வருசத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். மார்கழி தைக்குப் பிறகு எடுத்த படத்தில் மானாவாரிப் பூமி மொட்டையாகக் கிடக்கும். அறுவடை முடிந்த காட்டையும் செத்துப்போன காட்டையும் ஒரு படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் வேறு வேறு பருவத்துப் படங்களை அடுக்கிவைத்துப் பார்க்கிறார்கள். இதெல்லாம் உழைப்பு, மதிக்கிறேன்.

ஆனால் சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஊரே காய்ந்து கிடக்கிறபோது கண்மாய்க்குள் அது மட்டும் பச்சை. படத்தில் செழிப்பான சிவப்புத் திட்டு. தரையில் என்ன நடந்திருக்கிறது? கண்மாய் தூர்ந்துபோச்சு. மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணி பங்குவைத்த நீர்பாய்ச்சிக்கு, தெற்குச் சீமையில் பெரும்பாலும் நம் ஆளுக்கு, வேலை போச்சு. அந்த முள்ளையே வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிக் கஞ்சி குடிக்கிறதும் நம்ம சனந்தான். 2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. வெட்டு என்றவர் பேச்சிலும் வெட்டாதே என்றவர் பேச்சிலும் கரிமூட்டக்காரன் பேர் எத்தனை தடவை வந்தது?

தோப்பும் அப்படித்தான். ஆழ்துளை போட்டு உறிஞ்சுகிற தென்னந்தோப்பு படத்தில் ஆரோக்கியமாக இருக்கும். அது உறிஞ்சியதால் பக்கத்தில் வற்றிப்போன கிணறு படத்தில் இருக்காது. வற்றிய கிணற்றடியில் உழவு நின்றுபோன ஒன்றரை ஏக்கர்தான் 'சீரழிந்த நிலம்' என்று பதிவாகும். சீரழித்தவன் நிலம் நன்றாக இருக்கும், சீரழிக்கப்பட்டவன் நிலம் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலை என்று பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லிக்கொடுத்தார். வறளவைத்தவன் யார் என்று பாடத்தில் இல்லை.

*

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வருசக்கணக்காகப் பட்டாவையும் சிட்டாவையும் அடங்கலையும் வாங்கிப் பார்க்கிறவன் நான். நிலம் எனக்குச் சென்ட் கணக்கில்தான் புரியும். அந்தக் கணக்கைக் கோளுக்கும் போட்டுப் பார்த்தேன்.

கோள் பூமியைச் சின்னச் சின்னக் கட்டமாகத்தான் பார்க்கும். ஒரு கட்டத்துக்குள் என்ன இருந்தாலும் அது ஒரே புள்ளி. 1988ல் ஐ.ஆர்.எஸ். 1ஏ-வின் ஒரு காமிராவுக்குக் கட்டம் 72.5 மீட்டர். நம்ம கணக்கில் 130 சென்ட். 2016ல் வந்த பாலைவனமாதல் தொகுதிக்கு எடுத்துக்கொண்ட படங்களில் கட்டம் 56 மீட்டர், அதாவது 77 சென்ட். சேரிக்கு அரசு கொடுக்கிற மூணு சென்ட் வீட்டுமனையில் இருபத்தைந்து அதற்குள் அடங்கிவிடும். இருபத்தைந்து குடும்பம், ஒரு புள்ளி. தரிசு என்று ஒப்படை செய்கிற இரண்டு ஏக்கர், மூன்று கட்டத்துக்கும் குறைவு.

அந்தத் தொகுதியின் அளவு 1:5,00,000. தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் அரைக் கிலோமீட்டர். ஒரு கடுகை எடுத்து அந்த வரைபடத்தில் வைத்தால் ஊரும் சேரியும் சுடுகாடும் சேர்ந்து மறைந்துபோகும். நாக்பூர் மண் ஆய்வு நிறுவனம் மாநிலவாரியாகப் போட்ட மண் வரைபடமும் 1:2,50,000தான். நாட்டுக்குக் கொள்கை வகுக்க இது போதும் என்பார்கள். போதட்டும். நாட்டுக்கு வரைந்த படத்தை எடுத்துவந்து ஒரு சேரியின் தலையெழுத்தை எழுதாதே என்பதுதான் நம் வழக்கு.

அந்தக் கண் இன்றைக்குக் கூர்மையாகிவிட்டது. 2015ல் ஐரோப்பியர் அனுப்பிய சென்டினல்-2க்குக் கட்டம் 10 மீட்டர், இரண்டரை சென்ட். மூணு சென்ட் மனைக்குத் தனிக்கட்டம் கிடைக்கிற காலம் வந்தாச்சு. மேலேயிருந்து ஒருவன் எல்லாரையும் பார்க்கிற காவல் கோபுரத்தைப் பற்றி பூக்கோ எழுதியதைத் தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளில் விழுந்து விழுந்து விவாதித்தார்கள். நமக்கு அது புதுசா என்ன? தெருமுனைத் திண்ணையில் உட்கார்ந்து, எவன் செருப்புப் போட்டுப் போகிறான், எவன் சைக்கிளை விட்டு இறங்காமல் போகிறான் என்று பார்த்த கண்ணைத் தாண்டித்தானே வந்தோம். கோள் அந்தத் திண்ணையல்ல. அதற்குச் சாதி தெரியாது. தெரியாததுதான் இப்போது பிரச்சினை.

*

மண்ணை வகை பிரித்தது கோள் வந்த பிறகு நடந்த காரியமல்ல. வெள்ளைக்காரன் ரயத்துவாரி வரி போடுவதற்காகவே புலம் புலமாகப் பிரித்துவைத்தான். கரிசலா செவலா, களியா மணலா, நல்லதா மட்டமா என்று. தாலுகா ஆபீஸ் அ-பதிவேட்டைப் பாருங்கள். சர்வே எண், நன்செய்யா புன்செய்யா புறம்போக்கா, பாசன ஆதாரம், மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை, பரப்பு, பட்டாதாரர் பேர். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கலம். நம் சரித்திரம் அந்தக் கடைசிக் கலத்தில் இருக்கிறது.

1891ல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சும்மா கிடக்கிற தரிசைக்கூட நம் ஆள் மனுப்போட்டு வாங்க முடியாமல் மிராசுதாரர் முன்னுரிமை குறுக்கே நின்றதை எடுத்துவைத்தார். 1892ல் அரசாணை வந்தது. அதன்படி ஒப்படைத்ததுதான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவருகிற கணக்கு. அது அத்தனையும் எங்கே? 1979லிருந்து 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பழைய பதிவேட்டில் இருந்த டி.சி. குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறாமலே போனது என்று ஊருக்கு ஊர் குற்றச்சாட்டு இருக்கிறது. குறிப்பு போனது, நிலமும் போனது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள்மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். நமக்கு எந்த நிலத்தைக் கொடுத்தார்கள்? மிராசுதாரன் வேண்டாமென்று விட்ட சரளை, பொட்டல், உவர், ஓடைக்கரை. ஆத்தாமார் கல் பொறுக்கி, ஆட்டுப்புழுக்கை சுமந்து, வண்டல் அள்ளிப்போட்டு அதை மண்ணாக்கினார்கள். செயற்கைக்கோள்காரர்கள் களத்துக்கு வந்து சரிபார்ப்பதற்குத் 'தரை உண்மை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நல்ல பேர். தரை உண்மை தெரிந்தவள் அந்தக் கிழவிதான். ஒரு கைப்பிடியை அள்ளி நசுக்கி இது கம்பு தாங்கும், இது குதிரைவாலிக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிடுவாள். மண்குழி வெட்டக் கூலிக்குக் கூப்பிடுகிறவர்கள் அவளிடம் ஒரு கேள்வி கேட்டதுண்டா?

தரிசு என்ற சொல்லுக்கு அம்பேத்கர் வேறு அர்த்தம் வைத்திருந்தார். 1947ல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், ஊர் இந்துவை அண்டிப் பிழைக்கிற நிலைமையிலிருந்து தலித்துகள் தப்பிக்கத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்றார். அதற்காக ஒரு குடியேற்ற ஆணையம் அமைத்து, சாகுபடிக்கு ஆகிற அரசுத் தரிசுகளை அதன் வசம் விட வேண்டும் என்று கேட்டார். அடுத்தவன் கண்ணுக்குப் பாழ், அவர் கண்ணுக்கு அது விடுதலையின் தரை. நாட்டில் தரிசு எவ்வளவு என்ற கேள்வி, தலித்துக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்ற கேள்வி. அந்தக் கணக்கேட்டைத்தான் இன்று கோள் எழுதுகிறது.

2006ல் தமிழ்நாட்டில் நிலமற்றவர்க்கு இரண்டு ஏக்கர் தரிசு தரும் திட்டம் தொடங்கியபோது, தரிசு எத்தனை லட்சம் ஏக்கர் என்பதே அரசியல் சண்டையானது. சண்டை போட்ட கட்சிகள் சர்வே எண் வாரியாகப் பட்டியலை நம் கையில் தரட்டும் என்று நாம் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. இன்னும் அந்த நேரம் போய்விடவில்லை.

*

ஏனென்றால் வேறு ஆட்கள் கேட்கிறார்கள். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 2016ல் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. சுமார் 2500 ஏக்கர். வானத்திலிருந்து பார்த்தால் பளபளவென்று தெரிகிறது. சூரிய மின்சாரம் வேண்டாமென்று சொல்லவரவில்லை. மானாவாரிப் பூமி கைமாறும்போது விற்கிறவனுக்குக் காசு, வாங்குகிறவனுக்கு நிலம். அந்தப் பூமியில் களையெடுத்தவளுக்கும், ஆடு மேய்த்தவனுக்கும், விறகு பொறுக்கினவளுக்கும் என்ன? தரிசு என்று ஒரு வரைபடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் இந்தக் கேள்வி கேட்கவே இடமில்லாமல் போகிறது. யாரும் இல்லாத இடம் என்று ஆகிவிடுகிறது. ஓடைப் புறம்போக்கில் நம் பிணத்தைப் புதைக்கிற இடம்கூட, படத்தில் நீர் அரித்த நிலந்தானே.

டெல்லியில் 2019 செப்டம்பரில் பாலைவனமாதல் பற்றிய ஐ.நா. மாநாடு நடந்தது. 2030க்குள் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேர் சீரழிந்த நிலத்தை மீட்போம் என்று பிரதமர் சொன்னார். மீட்கட்டும். மீட்டு யாருக்குக் கொடுப்பார்கள்? நிலத்துக்கு உயிர் வந்தால் விலையும் வரும், விலை வந்தால் ஆதிக்க சாதியின் வேலியும் நகர்ந்து வரும். வாட்டர்ஷெட் தடுப்பணை கட்டிய ஊர்களில் யார் கிணறு நிரம்பியது என்று கேட்டுப் பாருங்கள், கிணறு வைத்திருந்தவன் கிணறுதான்.

என் தொழிலுக்கும் இது வந்துவிட்டது. விவசாயிகளின் கடன் தகுதியை மதிப்பிடச் செயற்கைக்கோள் தரவுகளைப் பயன்படுத்துவதாக 2020 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி அறிவித்தது. பயிர்க் காப்பீட்டிலும் 2023லிருந்து நெல், கோதுமை மகசூலைக் கணிக்கக் கோள் கணக்கைச் சேர்க்கிறார்கள். அலைச்சல் குறையும், லஞ்சம் குறையும், சரி. ஆனால் பட்டா இல்லாமல் வாரத்துக்கு உழுகிறவனின் வியர்வை எந்தக் கட்டத்திலும் விழாது. நிபந்தனைப் பட்டா வைத்திருக்கிறவன் கடன் கேட்டு வந்தால் இப்போதே ஆயிரம் கேள்வி. நாளைக்கு 'உன் நிலம் சீரழிந்த வகை' என்று கணினியும் ஒரு கேள்வி கேட்கும். நூற்றுமுப்பது வருசத்துக்கு முன்னால் மட்டமான மண்ணைக் கொடுத்தவனை விட்டுவிட்டு, வாங்கினவன் பேரனிடம் அந்த மட்டத்துக்கு வட்டி கேட்கிற கதை.

*

அதனால் கோளைக் கல்லெடுத்து அடிக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. நமக்கு வாய்த்த சாட்சிகளிலேயே, பண்ணையாருக்குப் பயப்படாத சாட்சி இது ஒன்றுதான். ஊர் மணியக்காரன் அடங்கலில் தன் இஷ்டத்துக்கு எழுதுவான், கோர்ட்டில் ஊர்ச்சாட்சி மாறிப் பேசும். ஆனால் 1984லிருந்து எடுத்த லேண்ட்சாட் படங்கள் 30 மீட்டர்க் கட்டத்தில் தேதியோடு கிடக்கின்றன. இரண்டு ஏக்கருக்கு ஒன்பது கட்டம் கிடைக்கும். 2008லிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2009ல் இஸ்ரோ புவன் தளத்தைத் திறந்தது. எந்த வருசம்வரை அந்தப் புலத்தில் பயிர் இருந்தது, எந்த வருசம் குவாரி விழுந்தது, கண்மாய்க்குள் எப்போது தோப்பு ஏறியது என்பதற்கு அங்கே தடயம் உண்டு. பட்டா யார் பேரில் என்று படம் சொல்லாது. அதற்குத்தான் பழைய அ-பதிவேடு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். வைக்க விடாமல் இருக்கிறதுதான் இன்றைய அதிகாரம்.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, மாவட்டவாரியாக டி.சி. நிலங்களின் சர்வே எண்களைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரைந்து பொதுவில் போட வேண்டும். தரிசை வரையத் தெரிந்த அரசுக்குப் பஞ்சமியை வரையத் தெரியாதா? இரண்டு, ஒரு நிலத்தைத் தரிசு என்றோ சீரழிந்தது என்றோ சொல்லி யாருக்கும் குத்தகைக்கோ கிரயத்துக்கோ விடுமுன், அங்கே மேய்கிற ஆடு, பொறுக்குகிற விறகு, புதைத்த பிணம் எல்லாவற்றையும் சேரி கூடியிருக்கிற கிராமசபையில் கேட்டு எழுத வேண்டும். மூன்று, தரை உண்மை பார்க்க வருகிறவர்கள் விவசாயக் கூலிகளைக் கூலி கொடுத்து ஆலோசகர்களாகச் சேர்க்க வேண்டும், குழி வெட்ட மட்டும் அல்ல.

அரசு செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பாலிடெக்னிக்கும் இஞ்சினியரிங்கும் படித்துவிட்டு ராஜபாளையம் மில்லிலும் சிவகாசி அச்சாபீஸிலும் நிற்கிறார்கள். படம் படிக்க அவர்களுக்கு ஒரு மாதம் போதும். ராஜபாளையம் தாலுகாவில் ஒரு கிராமம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் ஒரு கிராமம் எடுத்துக்கொள்வோம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு மேம்பாட்டுக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலைக் கேட்போம். பழைய குறிப்புக் கலத்தையும் புதிய குறிப்புக் கலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். பிறகு படத்தை எடுத்து, வயசானவர்களைக் கூட்டி, எது யார் உழுத காடு என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வோம். பத்து ஏக்கர் தேறினாலும் தேறட்டும்.

மனுவின் மாதிரியை எழுதித் தர நான் தயார். முதல் கிராமத்தை எடுத்துக்கொள்கிற தோழர்கள் இதழின் முகவரிக்கு எழுதுங்கள்.